துரை பார்க்காத தேர்

முதியவர்களின் வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பான் நகரில், ரைன் ஆற்றங்கரையை ஒட்டிய தெருக்கள் என் வட்டாரம். சூடு ஆறாத பெட்டிகளை வான் வண்டிக்குள் அடுக்கிக்கொண்டு வெளிக்கிடுவேன். உருளைக்கிழங்கு, அவித்த கரட், ஏதாவது ஓர் இறைச்சி, அதன்மேல் மண்ணிறத்தில் ஒரு குழம்பு. மூடியைத் திறந்து மேசையில் வைத்து, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று ஜேர்மன் மொழியில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இந்த நாட்டில் கோப்பை கழுவியிருக்கிறேன், பெயின்ற் தொழிற்சாலையில் வாளி அடுக்கியிருக்கிறேன். ஆனால் ஒருவருக்குச் சாப்பாடு கொடுக்கிற வேலை எல்லோருக்கும் வாய்க்காது. அம்மன் பார்த்துத் தந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த வட்டாரத்தை என்னிடம் தந்த முதல் கிழமை. ஒரு பழைய கட்டடத்தின் கீழ்வீட்டில், யன்னலோரம் நாற்காலியில் ஒரு வயோதிபர் இருந்தார். தொண்ணூறை எட்டியிருப்பார். நீண்ட கால்கள், வெளிறிய நீலக் கண்கள். நான் பெட்டியை வைக்கும்போது என் நெற்றியில் இருந்த திருநீற்றையே பார்த்தார். பிறகு சொன்னார்.

"வா. உள்ள வா. தமிழா?"

கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் 'வணக்கம்' சொல்லிக் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூட விழாவுக்கு வரும் ரீச்சர்மார் சொல்லுவார்கள். இது அப்படி இல்லை. இது ஆளைப் பார்த்துக் கூப்பிடுகிற தமிழ்.

"ஓம்… ஓம் ஐயா, தமிழ்தான்."

"எந்த ஊரு? சிலோனா?"

"ஓம் ஐயா. யாழ்ப்பாணம்."

"சாப்பிட்டாச்சா?"

முப்பது வருசமாக எத்தனையோ ஜேர்மன்காரரின் வாசலில் நின்றிருக்கிறேன். சாப்பாடு கொண்டுவந்தவனைப் பார்த்து நீ சாப்பிட்டாயா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் புட்டு அவித்துக்கொண்டு நின்றவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"அவர் உங்களை வா, போ எண்டு வெருட்டியிருக்கிறார். நீங்கள் அதுக்கு உருகிக்கொண்டு நிக்கிறியள்."

"வெருட்டேல்லையப்பா. அவருக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான்."

"சரி சரி. நாளைக்கு உங்கட துரைக்குக் கைகட்டி நில்லுங்கோ."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குத் துரை என்று பெயர். அது அவருடைய பழைய பெயரும்தான் என்று பிறகுதான் தெரியவந்தது.

அடுத்த நாளே என் ஓட்டத்தின் ஒழுங்கை மாற்றினேன். துரையின் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். பெட்டிகள் முடிந்தபிறகு கொஞ்ச நேரம் இருந்து கதைக்கலாம். நீளமான கதையென்றால் ஜேர்மனில் சொல்வார். இடையிடையே ஒரு தமிழ்ச்சொல் வந்து விழும். அவர் சொன்னதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. சாப்பிட்டுச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துத் துடைத்துச் சொன்னது.

அவர் இங்கிலாந்துக்காரர். பெரிய யுத்தம் முடிந்த கையோடு, மீசை சரியாக முளைக்காத வயதில், பிரிட்டிஷ் இராணுவத்தின் சின்ன அதிகாரியாக இந்த நாட்டுக்கு வந்தாராம். அப்போது இங்கே நகரமெல்லாம் கல்லுக்குவியல். அதிகாரிகளின் சாப்பாட்டுக்கூடத்தில் கிழங்கு தோல் உரித்த பெண்ணைப் பார்த்துவிட்டார். கலியாணம் செய்ய மேலிடத்து அனுமதி வேண்டியிருந்தது. அதற்காக அலைந்த கதையைச் சொல்லும்போது மட்டும் பல் தெரியச் சிரிப்பார். கலியாணம் முடிந்த கொஞ்சக் காலத்தில் படைப்பிரிவை மலாயாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ரப்பர் தோட்டங்களுக்குப் பின்னால் காடு. காட்டுக்குள் வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஆட்கள். அட்டை கடித்த கால்களோடு காட்டுக்குள் நடந்தாராம். இராணுவத் தவணை முடிந்ததும், ஊருக்குப் போகிறாயா, இங்கேயே நிர்வாக வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேனையை வாங்கிக்கொண்டார். மனைவி கப்பலில் வந்து சேர்ந்தார்.

"அப்ப எனக்கு வயசு கம்மி. ரொம்பக் கம்மி. ஜீப்பு உண்டு, மேசை உண்டு, மணி உண்டு. மணி அடிச்சா ஆளு வரும்," என்றார் ஒரு நாள், தமிழில், தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு.

அவருக்குக் கொடுத்த வேலை இதுதான். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ச் சனம் காட்டுக்காரருக்குச் சாப்பாடு கொடுத்துவிடக் கூடாது. அதற்காகத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிவர முள்ளுக்கம்பி அடித்து, ஒரு படலையும் காவலும் வைத்தார்கள். பொழுது பட்டால் யாரும் வெளியே போக ஏலாது. காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியைக் கூடப் படலையில் திறந்து பார்ப்பார்கள். ஒரு பிடி சோறும் கம்பியைத் தாண்டக் கூடாது. இவற்றுக்கெல்லாம் பொறுப்பு இந்த இளம் துரை. பிறகு படிப்படியாக உயர்ந்தார். உதவி அதிகாரி, பிறகு ஒரு மாவட்டத்துக்கே அதிகாரி. காணிச் சண்டை, கூலிச் சண்டை, கள்ளுக்கடை வழக்கு என்று எல்லாம் அவருடைய மேசைக்கு வந்தன. கடைசியில் அந்த நாட்டுக் கொடி ஏறி இவர்களுடைய கொடி இறங்கியது. அதன்பிறகு ஏதோ ஒரு தீவு. அங்கேயும் கொடி இறங்கியது. நாற்பது வயதுக்குள் ஆள வேறு இடம் இல்லாமல் போய்விட்டது. இங்கிலாந்துக்குத் திரும்பினால் அங்கே யாருக்கும் இவர் தேவைப்படவில்லை. மனைவி சொன்னாராம், அப்படியென்றால் என்னுடைய ஊருக்கு வா என்று. பான் மேற்கு ஜேர்மனியின் தலைநகராக இருந்த காலம் அது. அரசாங்கக் கந்தோர்க்காரருக்கு ஆங்கிலம் படிப்பித்துச் சீவித்திருக்கிறார். மனைவி போய்ப் பல வருசம். பிள்ளைகள் இல்லை. இங்கிலாந்தில் ஒரு மருமகள் முறையானவள் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள்.

முள்ளுக்கம்பிக் கதையைக் கேட்ட அன்று எனக்கு மனம் சரியில்லாமல் போனது. கம்பிக்கு உள்ளே நின்ற ஆள் நான். ஊரில் சோதனைச் சாவடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பாஸ் எடுக்க வரிசையில் நின்றிருக்கிறேன். இங்கே வந்து அகதி முகாமில் இருந்தபோதும் அப்படித்தான். எங்களுக்குக் குறித்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கந்தோரில் அனுமதி வாங்க வேண்டும். என் தம்பி வந்து இறங்கியது பக்கத்து மாவட்டத்தில். ரயிலில் சின்ன ஓட்டம்தான். வயிற்றில் செல் துண்டுக் காயத்தோடு வந்தவன். அவனைப் பார்க்க அனுமதி கேட்டு நான் போய் நிற்க, மேசைக்குப் பின்னால் இருந்தவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, இது அவசரக் காரணம் இல்லை என்றார்.

இதைத் துரையிடம் சொன்னேன். சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முள்ளுக்கரண்டியைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் மெல்ல வைத்தார்.

"அந்த ஆபீசருக்கு என்ன வயசு?"

"இளம் பெடியன்தான் ஐயா. கழுத்துப்பட்டி கட்டியிருந்தான்."

"நானும் அப்படித்தான்," என்றார். பாதிச் சாப்பாட்டோடு கோப்பையைத் தள்ளி வைத்தார். நானும் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நான் உள்ளே போனதும், நாற்காலியை எனக்குப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, எதிர்பார்த்திருந்தவர்போலக் கேட்டார்.

"உங்க ஆளுங்க இங்க கோயிலு வெச்சிருக்காங்களாமே. தேரு இருக்கா?"

"இருக்கு ஐயா. அம்மன் கோயில். ஓட்டோபானில ஒரு மணித்தியால ஓட்டம். கோடையில தேர்."

"ஓடுதா?"

"ஓடுது. சனம் வடம் பிடிச்சு இழுக்கும்."

"ரோட்டுல? வெளியில?"

"ஓம், வெளி வீதியால. பொலிஸ் வந்து காரெல்லாத்தையும் மறிச்சுத் தரும்."

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஒரு கப்பல் மெதுவாக மேலாற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நான் பாக்கல," என்றார். "தேரு ஓடி நான் பாக்கல."

பிறகு சொன்ன கதை இதுதான். அந்தத் தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருந்ததாம். கம்பி அடித்தபோது கோயில் கம்பிக்கு வெளியே போய்விட்டது. திருவிழா பொழுது பட்ட பிறகுதான். தேர் லயத்தைச் சுற்றி வரவேண்டும். பொழுது பட்டால் ஊரடங்கு. வருசா வருசம் தோட்டத்துப் பெரியவர்கள் வந்து அவருடைய மேசைக்கு முன்னால் நின்றார்கள். வருசா வருசம் அவர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் மறுத்தது. ஆனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போய், நாற்காலி போட்டு இருத்தி, மாலை போட்டு, அலங்கரித்து வைத்த தேரைக் காட்டுவார்கள். தேர் கொட்டகைக்குள் நின்றபடியே இருக்கும். பகலிலேயே கற்பூரம் காட்டித் திரையை மூடிவிட்டு எல்லோரும் கம்பிக்குள் திரும்பிவிடுவார்கள். ஒருத்தரும் அவரைத் திட்டவில்லை. அடுத்த வருசம் தொரை, அடுத்த வருசம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போவார்களாம். ஒரு வருசம் அனுமதி வந்தது. அதே கிழமையில் அவருக்கு மாற்றலும் வந்தது. ஜீப்பில் சாமான் ஏற்றிப் போகும்போது, தேரின் சில்லுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் கை காட்டினார்கள்.

"ஓடியிருக்கும்," என்றார். "நிச்சயமா ஓடியிருக்கும். நான் இல்ல."

எத்தனை நாடு, எத்தனை கொடி, எத்தனை மேசை. அந்த மனுசனுக்கு மிஞ்சியிருந்த ஆசை, ஒரு தேர் அசைந்து போவதைப் பார்க்க வேண்டும் என்பது. வீட்டுக்கு வரும் வழியில் வானை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். அம்மன் ஏன் என்னை இந்த வட்டாரத்தில் போட்டாள் என்று விளங்கியது.

மனைவிக்கு விளங்கவில்லை.

"உங்களுக்கென்ன விசரே? தொண்ணூறு வயதுக் கிழவனை அந்த வெய்யிலுக்க கொண்டுபோய்… ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது? உங்கட கொம்பனி விடுமோ?"

"அண்டைக்கு எனக்கு லீவு. நான் என்ரை காரில கூட்டிக்கொண்டு போறன். அவரின்ரை மருமகளோடயும் கதைச்சிட்டன். அவருக்கு விருப்பமெண்டா போகட்டுமாம்."

"சனத்தை முள்ளுக்கம்பிக்க அடைச்ச ஆளெண்டு நீங்கள்தானே சொன்னியள். அவருக்கு அம்மன்ரை தேரைக் காட்டப் போறியளோ?"

கொஞ்சம் யோசித்துச் சொன்னேன்.

"அவர் கேட்டது தேரைப் பாக்கத்தானே. மன்னிப்புக் கேக்கப் போறதெண்டு சொல்லேல்லையே. கேக்கிறது அவரின்ரை பாடு, குடுக்கிறது அம்மன்ரை பாடு. நான் கார் ஓடுறவன்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் தேருக்கு முதல் நாள், கும்பச் சாமான்களோடு ஒரு குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்து வைத்திருந்ததைக் கண்டேன்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஊரில் தேர் வரும் வீதியில் வீட்டுக்கு வீடு படலையில் கும்பம் வைப்பார்கள். தேர் அந்த வாசலில் நின்று அர்ச்சனை ஏற்றுக்கொண்டு நகரும். இங்கே அந்த வீதியில் இருப்பது ஜேர்மன்காரரின் வீடுகள். ஆகவே நாங்கள் மடக்கு மேசைகளைக் காரில் கொண்டுபோய் நடைபாதையில் விரித்து, வெள்ளைத் துணி போட்டு, கும்பம் வைத்து, குத்துவிளக்கைக் காற்றுக்கு மறைத்து நிற்போம். எங்கள் மேசை எப்போதும் வீதி திரும்புகிற இடத்தில், ஒரு பேக்கரிக்கு முன்னால். என் மனைவி காலையிலேயே தெரிந்தவர்களின் காரில் ஏறிப் போய் அந்த இடத்தைப் பிடித்துவிடுவாள்.

நான் துரையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர, சனம் நிரம்பி வழிந்தது. துரை மஞ்சள் நிறக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, கழுத்துப்பட்டி எல்லாம் போட்டு வந்திருந்தார். சக்கர நாற்காலியை இறக்க வசதியாக, காரைக் கோயில் வாசலுக்கே கொண்டுபோனேன். அதுதான் பிழையாய்ப் போயிற்று.

அன்றைக்கு நகரசபையிலிருந்து துணை மேயர் வருவதாக இருந்தது. நிர்வாகசபையில் இருந்த ஒருவரும் துணை மேயரை நேரில் கண்டதில்லை. வாசலில் கார் நிற்கிறது, தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் இறங்குகிறார் என்றதும் தவிலும் நாதஸ்வரமும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டன. சபைத் தலைவர் பட்டுச்சால்வையோடு ஓடிவந்தார்.

"அண்ணை, வழி விடுங்கோ, வழி விடுங்கோ!"

"அண்ணை, இது அவர் இல்லை…" என்றேன்.

"பிறகு கதைப்பம் அண்ணை. அங்கால பிடியுங்கோ, நாற்காலியைத் தூக்குங்கோ. தம்பிமார்!"

நாலு பேர் சேர்ந்து துரையைச் சக்கர நாற்காலியோடு மேடைக்குத் தூக்கிவிட்டார்கள். பொன்னாடை போட்டார்கள். மாலை போட்டார்கள். ஒலிவாங்கியில் தலைவர் ஜேர்மனில் எழுதிக்கொண்டு வந்த வரவேற்பை வாசித்தார். நகரத்துக்கும் கோயிலுக்கும் இடையிலான உறவு, குப்பை ஒழுங்கு, வாகனத் தரிப்பிடம் எல்லாம் அதில் இருந்தன. துரை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தரிப்பிட விசயத்தில் புருவத்தைச் சுருக்கி, கவனிக்கிறேன் என்பதுபோல ஒரு விரலைத் தூக்கினார். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. ஒலிவாங்கியை அவருடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார் துரை தமிழில். "சாப்பிட்டாச்சா?"

சனம் ஆர்ப்பரித்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கள் குலைத்தன. ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியளே, எங்கட மேயர்!" என்றார் ஒருவர்.

அந்த நேரம் பார்த்து, தோசைக் கொட்டகை வரிசையில் சைக்கிள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு ஜேர்மன் பெண்மணி, தன் முறை வந்து தோசையையும் வாங்கிக்கொண்டு மேடையடிக்கு வந்தார். தான்தான் துணை மேயர் என்றார். தலைவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை. அந்த அம்மா நல்ல மனுசி. சிரித்தார். இன்னொரு பொன்னாடை தேடி ஆள் ஓடியது.

தலைவர் என்னைத் தனியே இழுத்தார். "என்ன அண்ணை இது? ஆர் இந்தாள்?"

"தேர் பாக்க வந்தவர் அண்ணை."

"தேர் பாக்க வந்தவரை ஏன் மேடைக்கு ஏத்தினியள்?"

"நானோ ஏத்தினனான்?"

இதற்கிடையில் சங்கு ஊதிவிட்டது. அரோகரா என்ற சத்தம் எழுந்தது. மேடையில் இருந்து பார்த்தால் சனத்தின் முதுகும், அதற்கு அங்காலே தேரின் முடியும் மட்டும்தான் தெரியும். நான் ஏறிப் போய்ப் பார்த்தபோது துரை மாலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"இங்க வேணாம்," என்றார். "அப்பவும் இதேதான். நாற்காலி, மாலை. இங்க வேணாம். கீழ கொண்டு போ."

நானும் இன்னொருவருமாக இறக்கினோம். தேரின் பின்னால் போனால் எட்டிப் பிடிக்க ஏலாது. பின் ஒழுங்கையால் விழுந்தடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கல் பதித்த ஒழுங்கை. நாற்காலி துள்ளத் துள்ள, துரை தொப்பியை ஒரு கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, "போ, போ" என்றார். பேக்கரிச் சந்திக்கு வந்து மூச்சு வாங்க நின்றபோது, தேர் இன்னும் திருப்பத்துக்கு வரவில்லை.

மனைவி எங்களைக் கண்டாள். துரையைக் கண்டாள். மேசையைச் சற்றே தள்ளி, கும்பத்துக்குப் பக்கத்தில் நாற்காலிக்கு இடம் எடுத்தாள். குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

"தண்ணி குடுத்தனீங்களே அவருக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே போத்தலைத் திறந்து கொடுத்தாள். துரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

பிறகு தேர் வந்தது. முதலில் தவில், பிறகு காவடிகள், பிறகு தேங்காய் உடைபடுகிற சத்தம், பிறகு வடம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக வெள்ளைப் பாம்பு போல அந்த வடம் எங்களைக் கடந்து போக, அம்மன் பூவுக்குள் முகம் மட்டும் தெரிய அசைந்து வந்தாள். அந்த அசைவைத்தான் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நடந்து வருகிற பெண்ணைப் போலவும் இல்லை, வண்டியைப் போலவும் இல்லை. துரையின் வாய் திறந்தபடி இருந்தது.

எங்கள் மேசைக்கு முன்னால் வழக்கம்போலத் தேர் நின்றது. ஐயர் குனிந்து அர்ச்சனைத் தட்டுக்குக் கை நீட்டினார். மனைவி தட்டைத் தூக்கினாள். எங்களுக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் என்ன இருக்கிறது? அவ்வளவு பெரியவள் எங்களுடைய மடக்கு மேசைக்காக நிற்கிறாள்.

துரையின் கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பயந்த முகம்.

"ஏன் நிக்குது? எனக்காகவா? வேணாம். நிறுத்த வேணாம்னு சொல்லு!"

"இல்லை ஐயா, இது அர்ச்சனைக்கு…"

"என் முன்னால நிறுத்த வேணாம். ஓடட்டும். சொல்லு அவங்ககிட்ட. ஓடட்டும்!"

அவர் அழுதுகொண்டிருந்தார். வடம் பிடித்த பெடியங்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேர்த்தட்டில் நின்றவர், "என்னவாம் அண்ணை?" என்று கத்தினார். வாய் திறந்தது என் மனைவிதான். தூக்கிய தட்டை அப்படியே மேசையில் திருப்பி வைத்துவிட்டாள்.

"நிப்பாட்ட வேண்டாமாம் தம்பி. ஓடட்டுமாம்! இழுங்கோ!"

ஐயர் ஒரு கணம் அவளையும் துரையையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கையை உயர்த்தினார். சங்கு ஊதியது. அரோகரா! வடம் இறுகியது. சில்லு ஒருமுறை முனகிவிட்டு உருண்டது. எங்களுடைய கும்பத்தையும், விளக்கையும், தொடாத தட்டையும், நாற்காலியையும் கடந்து, தேர் திருப்பத்தில் சாய்ந்து, நிமிர்ந்து, போனது. துரை கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். முடியில் இருந்த கலசமும் மறைந்தபிறகு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

திரும்பும் வழியில் காருக்குள் ஒரே ஒரு தரம் பேசினார். "ஓடிச்சு," என்றார். மனைவி பின்சீற்றில் இருந்து, அவருடைய தோளில் இருந்து சரிந்த பொன்னாடையை எடுத்துச் சரியாகப் போர்த்திவிட்டாள்.

அடுத்த மாரிகாலம் அவர் போய்விட்டார். ஒரு நாள் காலை, என் பட்டியலில் அந்த வீடு இல்லை. அவ்வளவுதான். வேலைத்தலத்தில் அப்படித்தான் தெரியவரும். அன்றைக்கு ஓட்டத்தின் கடைசியில் பெட்டிகள் முடிந்தபிறகும், கை தானாக அந்தத் தெருவுக்குள் வானைத் திருப்பிவிட்டது. யன்னலில் திரை போட்டிருந்தது. சாப்பிட்டாச்சா என்று கேட்க ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வயோதிபருக்குச் சாப்பாடு வைத்துவிட்டேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் காது அந்தக் கேள்விக்குக் காத்திருக்கிறது.

பிறகு அந்த நோய்க்காலம் வந்தது. தேர் இழுக்க நகரசபை அனுமதி தரவில்லை. அவர்கள் மேல் பிழை இல்லை, எல்லா இடமும் அப்படித்தான். தேர் நாளன்று காலை எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. நானும் மனைவியும் காரை எடுத்துக்கொண்டு போனோம். கோயிலுக்குள் ஐயர் மட்டும் பூசை செய்துகொண்டிருந்தார். தேர் கொட்டகைக்குள் பிளாஸ்ரிக் விரிப்பால் மூடிக்கிடந்தது. தகரக் கதவின் இடுக்கால் பார்த்தோம். ஒரு சில்லு மட்டும் தெரிந்தது.

ஓடாத தேரை நான் பார்த்தது ஒரே ஒரு வருசம். அந்த மனுசன் மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு வருசா வருசம் பார்த்திருக்கிறார். அவருக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப்போன சனம் அதைவிடக் கூடப் பார்த்திருக்கும். யாருக்காக மனம் நோவது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எல்லோருக்குமாகத்தான் கும்பிட்டேன்.

"அடுத்த வருசம்," என்றாள் மனைவி கதவிடம். பிறகு தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள்.

தேர் மறுபடி வெளியே வந்த வருசம், பேக்கரிச் சந்தியில் மேசை விரித்து நின்றோம். அர்ச்சனைத் தட்டை மனைவி காலையிலேயே கோயிலில் கொடுத்துவிட்டாள். தேர் திருப்பத்துக்குக் கிட்ட வந்ததும், முன்னால் வந்த தலைவர் எங்களைக் கண்டு கையைக் காட்டினார். "அக்கா, உங்கட மேசை. நிப்பாட்டுவமோ?"

"வேண்டாம் தம்பி," என்றாள். "எங்கட இடத்தில நிக்க வேண்டாம். ஓடட்டும்."

அவர் வடம் பிடித்தவர்களுக்குக் கையசைத்தார். தேர் அசைந்து அசைந்து எங்களைக் கடந்தது. நான் கை கூப்பியபடி நின்றேன். மனைவி மேசையைச் சற்றே தள்ளிப் போட்டிருந்தாள். கும்பத்துக்குப் பக்கத்தில், ஒரு சக்கர நாற்காலிக்குப் போதுமான இடம் வெறுமையாக இருந்தது.